பிடி வலிமை போன மாதம் 22, இந்த மாதம் 17: குறைந்தது தசையா, அளவா?

பிசியோதெரபி ஓ.பி.யில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. சர்க்கரை, சிறுநீரகம், மூட்டு என்று ஏதோ ஒரு நாள்பட்ட நோயோடு வருகிறவர். போன மாதம் 22 கிலோ அழுத்தினார், இன்று 17. கூட வந்த மகள் நம் முகத்தையே பார்க்கிறார். "குறைஞ்சிடுச்சா சார்?" என்கிறார். அந்த 5 கிலோ தசையிலிருந்து போயிருக்கலாம். கருவியில், நாற்காலியில், மாத்திரை நேரத்தில், ஏன், நம் குரலில்கூடப் போயிருக்கலாம்.

நான் தசையைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன். கோளாறுகள் கண்ணில் படுகிற விதத்திலேயே அவற்றைக் கீழே பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அங்கிருந்து படித்துக்கொள்ளலாம். பேசுவது பெரும்பாலும் இரண்டு கருவிகளைப் பற்றி. ஒன்று, நோயாளி கையால் இறுக்கிப் பிடிக்கும் ஜாமர் வகை ஹைட்ராலிக் டைனமோமீட்டர். மற்றொன்று, நாம் பிடித்துக்கொண்டு நோயாளியின் காலிலோ கையிலோ வைத்து எதிர்க்கச் சொல்லும் உள்ளங்கை அளவு டைனமோமீட்டர்.

கருவியைக் கீழே வைத்துவிட வேண்டிய சமயம்

அளவைச் சந்தேகிக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் சிலவற்றில் அது ஆபத்து. நேற்று வரை இருந்த பலம் இன்று ஒரு பக்கம் மட்டும் இல்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் இரண்டாவது ரீடிங் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு கால்களும் தளர்ந்து சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலும் அப்படித்தான். மயஸ்தீனியா கிராவிஸ் (வேலை செய்யச் செய்யத் தசை தளரும் நோய்) உள்ளவருக்குத் தலை நிற்காமல், மூச்சு வாங்கி, விழுங்கவும் சிரமமாக இருந்தால் அதுவும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உரியது.

நெஞ்சு வலி இருப்பவர், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர், அண்மையில் கண் அல்லது வயிற்று அறுவை சிகிச்சை ஆனவர் ஆகியோருக்கு முழுப் பலச் சோதனையைத் தள்ளிப் போடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கும்போது அழுத்தம் எகிறும். மற்றவர்களுக்கும் "மூச்சை விட்டுக்கிட்டே அழுத்துங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

அறிகுறி: மூன்று முயற்சியும் அச்சு அசலாக ஒரே எண்

22, 22, 22. பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் முதலில் பார்ப்பது சிவப்பு முள்ளை. ஜாமர் வகைக் கருவியில் இரண்டு முட்கள் உண்டு. ஒன்று அழுத்தத்தோடு ஏறி இறங்கும். மற்றொன்று உச்சத்தில் நின்றுவிடும், கையால் திருப்பினால்தான் பூஜ்யத்துக்கு வரும். திருப்ப மறந்தால் இரண்டாவது முயற்சியில் நோயாளி 18தான் அழுத்தியிருந்தாலும் முள் 22-லேயே நிற்கும். மூன்றாவதும் அப்படியே. எங்கள் பிரிவில் ஒரு பயிற்சி மாணவி இப்படி ஒரு காலைப் பொழுது முழுக்க எடுத்துத் தள்ளினார். தாளைப் பார்த்தபோது மூன்று பேருக்கு அடுத்தடுத்து 26. முதலாமவர் வாட்டசாட்டமான லாரி ஓட்டுநர். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பாட்டிகளும் அவர் பலத்தையே வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

முள் சரியாக இருந்தால் அடுத்து நம் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். கிலோ வட்டத்தில் கோடுகள் 2 கிலோவுக்கு ஒன்று. முதல் எண் தெரிந்துவிட்டால் அடுத்ததையும் அதற்குப் பக்கத்திலேயே படிக்கக் கை போகும். முகப்பை நோயாளிக்குக் காட்டாமல் நம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, முடிந்தால் ஒருவர் பிடிக்க வைத்து இன்னொருவர் படிக்கலாம். ஆள் இல்லாத இடத்தில் ஒவ்வொரு எண்ணையும் எழுதியதும் தாளைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். அதுவே போதும்.

அறிகுறி: முயற்சிக்கு முயற்சி ஏறுகிறது

16, 19, 21. பெரும்பாலும் இது பழக்கம். அந்தக் கனத்த இரும்பை வாழ்க்கையில் முதல் முறையாகப் பிடிக்கிறார், உடைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார். கைப்பிடி அசையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பலர் லேசாக அழுத்திவிட்டு, "ஒண்ணும் நகரலையே" என்று விட்டுவிடுவார்கள். கணக்கில் சேராத ஒரு முயற்சியை, பாதி பலத்தில், முதலில் கொடுத்துவிட்டால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தீரும். மூன்றாவது எண்ணிலும் ஏற்றம் நிற்கவில்லை என்றால் நான்காவது எடுங்கள்.

இது முதல் நாளோடு முடிவதுமில்லை. முதல் வருகையில் 19, இரண்டாவது வருகையில் 21 என்று வந்தால் நம் சிகிச்சைக்கு மாலை போட்டுக்கொள்ளத் தோன்றும். அந்த 2 கிலோவில் ஒரு பகுதி கருவியோடு ஏற்பட்ட பழக்கம். ஆகவே புதிதாக வருகிறவருக்கு முதல் வருகை அளவை ஒத்திகை என்று வைத்துக்கொண்டு, இரண்டாவது வருகையைத் தொடக்க அளவாக எடுப்பது என் வழக்கம். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இதற்கு முணுமுணுப்பு வரும், வரட்டும்.

அறிகுறி: முயற்சிக்கு முயற்சி இறங்குகிறது

ஓய்வு போதவில்லை என்பதுதான் பொதுவான காரணம். முயற்சிக்கு 3 முதல் 5 வினாடி, நடுவில் குறைந்தது ஒரு நிமிடம். நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக விடுங்கள். வலது, இடது என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஓய்வு தானாகவே கிடைத்துவிடும்.

நல்ல ஓய்வுக்குப் பிறகும் இறங்குகிறது, கண் இமையும் சரிகிறது, மாலையில் சாப்பிட மெல்லுவதே சிரமம் என்கிறார் என்றால், அந்த இறக்கமே நோயின் முகமாக இருக்கலாம். மயஸ்தீனியாவில் தசை தொடர்ந்து வேலை செய்யச் செய்யத் தளரும். இந்த மாதிரி நோயாளியிடம் மூன்று எண்ணின் சராசரியைப் போட்டு மூடிவிட்டால் தெரிய வேண்டியதையே மறைத்துவிடுகிறோம். மூன்றையும் வரிசையாக எழுதி, நரம்பியல் மருத்துவரின் பார்வைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: எண் தாறுமாறாகத் தாவுகிறது

23, 14, 20. "முழு பலத்தையும் கொடுக்கவில்லை, ஏமாற்றுகிறார்" என்று சிலர் உடனே எழுதிவிடுவார்கள். இந்த அவசரம் எனக்குப் பிடிக்காது. முயற்சிகளுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தை வைத்து ஒருவரின் மனதைப் படித்துவிட முடியாது. வலி உள்ளவருக்கும் எண் தாவும். பலவீனமானவருக்கு 2 கிலோ வித்தியாசமே சதவீதக் கணக்கில் பெரிதாகத் தெரியும். 10 கிலோ அழுத்துகிறவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு, 40 கிலோ அழுத்துகிறவருக்கு இருபதில் ஒரு பங்குதான்.

கையைப் பாருங்கள். மோதிரம் கைப்பிடியில் இடிக்கிறதா? வளையல் மணிக்கட்டில் அழுத்துகிறதா? உள்ளங்கை வியர்த்து வழுக்குகிறதா? நீண்டகாலச் சர்க்கரை நோயில் விரல் மூட்டுகள் இறுகி, வணக்கம் வைத்தால் இரண்டு உள்ளங்கைகளும் முழுதாக ஒட்டாது. அந்தக் கை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத்தான் கைப்பிடியைப் பற்றும். கைப்பிடி இரண்டு முனைகளிலும் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜாமரில் கைப்பிடியின் அகலத்தை மாற்ற ஐந்து நிலைகள் உண்டு. பொதுவாக எல்லாருக்கும் இரண்டாவது நிலைதான். போன முறை மூன்றில் எடுத்தவரை இந்த முறை இரண்டில் எடுத்தால் ஒப்பிடவே கூடாது.

உட்காரும் விதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: முதுகு சாய்ந்து, பாதம் தரையில், தோள் உடம்போடு ஒட்டி, முழங்கை 90 டிகிரி, கட்டைவிரல் மேல் பார்த்தபடி, மணிக்கட்டு சற்றே பின்னுக்கு. நாற்காலியில் கை வைக்கும் சட்டம் இருந்தால் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு முறையும் கூடாது. ஸ்பிரிங் வகைக் கருவியை நின்றுகொண்டு, முழங்கையை நீட்டி எடுப்பது வழக்கம். ஆக, அதன் எண்ணையும் இதன் எண்ணையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

அறிகுறி: நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறுகிறது

நாள்பட்ட நோயாளியை அளப்பதில் இருக்கும் உண்மையான தலைவலி இதுதான். ஆரோக்கியமான கல்லூரி மாணவரைக் காலையில் அளந்தாலும் மாலையில் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. ஒரு கருவி நம்பகமானது என்று அப்படிப்பட்டவர்களை வைத்து நிரூபித்துவிட்டு, அதே நம்பிக்கையோடு முடக்குவாத நோயாளியிடம் போனால் ஏமாந்துபோவோம். இவர்களுடைய உடம்புக்கே ஒரு கால அட்டவணை இருக்கிறது.

முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கலாம். ஒரு அம்மா, 60-ஐக் கடந்தவர். முதல் முறை மதியம் 12 மணிக்கு வந்தார், 14 கிலோ. அடுத்த முறை முதல் பேருந்தைப் பிடித்து எட்டரைக்கே வந்துவிட்டார், 9 கிலோ. மருந்து கேட்கவில்லை என்று நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். நல்ல வேளை, அவரே சொன்னார்: "இப்ப டம்ளரையே ரெண்டு கையால தான் புடிச்சேன் தம்பி, பத்து மணிக்கு மேல வுட்டுடும்." உட்கார வைத்துப் பதினொன்றே காலுக்கு மறுபடி எடுத்தேன். 13.

பார்க்கின்சன் நோயில் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரம், அதன் வீரியம் குறைந்துபோகும் நேரம் என்று இரண்டு வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்பது ரீடிங்கின் ஒரு பகுதி. மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மினும் அப்படித்தான். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் பலம் கூடும், சில மணி நேரத்தில் இறங்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவரை, டயாலிசிஸுக்கு முன் என்றால் எப்போதும் முன், இடையில் ஓய்வு நாள் என்றால் எப்போதும் ஓய்வு நாள் என்று அளக்க வேண்டும். நீர் இழுத்து முடித்ததும் சோர்ந்து எழுகிறவரிடம் எடுக்கும் அளவு அவருடைய தசையைப் பற்றி அதிகம் சொல்லாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையில் எடுப்பதே வழக்கம், ஊசி ஏறியிருக்கும் கையில் எடுக்கவே கூடாது. ஃபிஸ்டுலா வலது கையில் இருந்தால் இடது கை என்று எழுதுங்கள். அடுத்தவர் வலது கையில் எடுத்துவிட்டு "முன்னேற்றம்" என்று எழுதிவிடுவார்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ளவருக்கு உடல் சூடு ஏறினாலே அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் இதைக் கவனித்தார். உடற்பயிற்சிக்குப் பிறகு பார்வை மங்குவதைத்தான் அவர் முதலில் எழுதினார். மே மாத மதியத்தில் பேருந்தில் நின்றுகொண்டு வந்தவரை உடனே கட்டிலில் ஏற்றி அளந்தால் வெயிலையும் சேர்த்து அளந்தவர்கள் ஆவோம். தண்ணீர் கொடுத்து, விசிறிக்கடியில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

அறிகுறி: நான் எடுத்தால் ஒன்று, அவர் எடுத்தால் ஒன்று

பிடி வலிமையில் இது குறைவு. கருவியை நாம் பிடித்து எடுக்கும் சோதனையில், அதிலும் தொடைத் தசையில், இதுதான் முதல் பிரச்சினை.

கருவி வைத்த இடத்தைப் பாருங்கள். உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டச் சொல்லி, கால் எலும்பின் முன்புறம் கருவியை வைக்கிறோம். முழங்கால் மூட்டிலிருந்து 30 செ.மீ. கீழே வைத்தபோது 200 நியூட்டன் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்குவிசை 60 நியூட்டன் மீட்டர். அதே ஆள், அதே பலம், சக ஊழியர் 27 செ.மீ.யில் வைக்கிறார். இப்போது கருவி 222 காட்டும். வெறும் 3 செ.மீ. நகர்ந்ததில் 11 சதவீத "முன்னேற்றம்". தீர்வு சுலபம்: கணுக்காலின் புடைத்த எலும்புக்கு மேல் இத்தனை செ.மீ. என்று முடிவு செய்து பேனாவால் கோடு போடுங்கள், மூட்டிலிருந்து கோட்டுக்குள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள், விசையைத் தூரத்தால் பெருக்கி முறுக்குவிசையாகப் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது, யார் யாரை வெல்வது என்ற கேள்வி. நாம் அசையாமல் பிடித்திருக்க, நோயாளி தள்ளுவது ஒரு முறை. நோயாளி பிடித்திருக்க, நாம் அவர் காலை மடக்கிவிடும் வரை தள்ளுவது இன்னொரு முறை. இரண்டாவதில் எண் கூடுதலாக வரும், ஏனென்றால் நீளும்போது எதிர்க்கும் தசைக்குப் பலம் அதிகம். எங்கள் பிரிவிலேயே இருவர் ஆளுக்கொரு முறையில், மாதக்கணக்கில், ஒரே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தோம். வலி உள்ளவர்களுக்கும் எலும்பு மெலிந்தவர்களுக்கும் முதல் முறைதான் பாதுகாப்பு.

சோதிப்பவரின் பலமும் உள்ளே வரும். தொடைத் தசை உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று. ஒல்லியான ஒருவர் கையால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. அப்போது கருவி காட்டுவது சோதிப்பவரின் பலத்தை. ஒரு பெல்ட்டைக் கட்டிலின் காலில் கட்டி, கருவியை அதற்கும் நோயாளியின் காலுக்கும் நடுவில் வைத்தால் யார் எடுத்தாலும் எண் நெருங்கி வரும். எங்களுக்குள் இருந்த சண்டையைத் தீர்த்தது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, ஒரு சூட்கேஸ் பெல்ட்.

குரல் கடைசி. சிலர் "அழுத்துங்க" என்று மெதுவாகச் சொல்வார்கள். சிலர் கபடி மைதானத்தில் நிற்கிறவர்போலக் கத்துவார்கள். கத்தினால் எண் கூடும். எந்தச் சொல், எத்தனை முறை, எவ்வளவு உரக்க என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது: "அழுத்துங்க, இன்னும், இன்னும், விடுங்க."

அறிகுறி: வருகிற எல்லாருக்கும் ஒரே வாரத்தில் குறைகிறது

ஊரே ஒரே வாரத்தில் மெலியாது. கருவி கீழே விழுந்திருக்கும், அல்லது ஹைட்ராலிக் எண்ணெய் கசிகிறது, அல்லது பேட்டரி. தெரிந்த எடையைக் கைப்பிடியின் நடுவில் கச்சிதமாகத் தொங்கவிட்டு 5, 10, 20 கிலோவில் சரிபாருங்கள். உள்ளங்கை வகையைச் சமதளத்தில் மல்லாத்தி வைத்து அதன் மேல் எடையை வைக்கலாம். ஜிம் எடைத் தகட்டில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், முத்திரை போட்ட தராசில் ஒரு முறை நிறுத்துக்கொண்டு வாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை தயாரிப்பாளரின் சேவை மையத்தில் சரிபார்ப்பது தனி.

எண் திடீரென இரண்டு மடங்குக்கு மேல் போனால் அலகைப் பாருங்கள். 17 கிலோ பிடித்தவர் 38 பிடித்தால் அது பவுண்டு.

அறிகுறி: முழங்கால் வீங்கியிருக்கும்போது தொடைத் தசை "காணாமல்" போகிறது

மூட்டுத் தேய்மானத்தில் இது அடிக்கடி. மூட்டில் நீர் கோத்தாலோ வலித்தாலோ, மூட்டிலிருந்து போகும் நரம்புச் சைகைகள் தொடைத் தசையை அடக்கிவைக்கும். தசை இருக்கிறது, அதைக் கூப்பிட முடியவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் இதைப் பிரித்துப் பார்க்க, ஆள் முழுப் பலத்தோடு முயலும்போதே நரம்பில் ஒரு மின்துடிப்பைக் கொடுத்து, எண் இன்னும் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். 1954-இல் மெர்ட்டன் கையாண்ட வழி அது. நம் ஓ.பி.யில் அது நடக்காது. நம்மால் ஆவது, ஒவ்வொரு ரீடிங்குக்குப் பக்கத்திலும் வலியை 10-க்கு இத்தனை என்று எழுதுவதும், மூட்டின் சுற்றளவை டேப்பால் எடுப்பதும். வலி 2-லிருந்து 7-க்குப் போய், பலம் கால்வாசி குறைந்திருந்தால் "தசை மெலிவு" என்று எழுதாதீர்கள். வலி குறையும் கோணத்தில், உதாரணமாக 90 டிகிரிக்குப் பதில் 60-இல், எடுத்தும் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, அடுத்த முறையும் 60-இல்தான் எடுக்க வேண்டும்.

அறிகுறி: கோப்பு முழுக்க "கிரேடு 4"

பக்கவாதம், சர்க்கரை, சிறுநீரகம் என்று யார் கோப்பைத் திறந்தாலும் 4/5. இது சோதிப்பவரின் சோம்பல் மட்டும் இல்லை. கையால் தசையைச் சோதித்துத் தரம் போடும் வழக்கம் 1910-களில் பாஸ்டனில், போலியோ வந்த குழந்தைகளுக்காக, ராபர்ட் லோவெட்டும் வில்ஹெல்மைன் ரைட்டும் உருவாக்கியது. இன்று நாம் போடும் 0 முதல் 5 வரையான தரம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நரம்புக் காயங்களுக்காக வகுத்தது. அறவே செயலிழந்த தசை மெல்ல உயிர் பெறுவதைப் பார்க்க அது அருமையான கருவி: துடிப்பு வந்ததா, ஈர்ப்புவிசையை வென்றதா என்று. நம் நாள்பட்ட நோயாளிகளோ எல்லாரும் 4-க்கும் 5-க்கும் நடுவில் வாழ்கிறவர்கள். ஈர்ப்புவிசையோடு லேசான எதிர்ப்பை மட்டும் வென்றவரும், கிட்டத்தட்ட முழுப் பலம் உள்ளவரும் அந்த ஒரே 4-க்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள்.

ஆகவே ஈர்ப்புவிசையை வென்ற பிறகு தரத்தை விட்டுவிட்டு எண்ணுக்கு மாறுங்கள். கருவி இல்லையா, ஒற்றைக் காலில் குதிகாலை எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுங்கள். கெண்டைக்கால் தசையை நம் கையால் தோற்கடித்துப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அறிகுறி: நாற்காலிச் சோதனை நேரம் ஒத்துவரவில்லை

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரும் சோதனை. ஆசிய தசைநலிவு (சார்கோபீனியா, வயதாவதோடு தசையும் பலமும் குறைவது) குழு 2019-இல் 12 வினாடியை எல்லையாக வைத்தது. கோளாறு பெரும்பாலும் இரண்டே இடத்தில். ஒன்று, நாற்காலி உயரம்: 43 செ.மீ.யும் 48 செ.மீ.யும் முழங்கால் வலிக்காரருக்கு வேறு வேறு சோதனைகள். இரண்டு, கடிகாரத்தை நிறுத்தும் இடம்: ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் நிறுத்துபவர்களும் உண்டு, உட்கார்ந்ததும் நிறுத்துபவர்களும் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு சாய்த்துப் போடுங்கள், வழுக்கும். இந்தச் சோதனையில் தசையோடு சமநிலை, மூச்சு, வேகம், பயம் எல்லாம் கலந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: கை வலியால் இரும்பைப் பிடிக்கவே முடியவில்லை

முடக்குவாதத்தில் சகஜம். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டி, 20 மி.மீ. பாதரச அழுத்தம் வரை காற்றேற்றி, அதை அழுத்தச் சொல்லுங்கள். முள் எங்கே ஏறுகிறதோ அதுதான் அளவு. கைக்கு மெத்தென்று இருக்கும். கிலோவாக மாற்ற முயலாதீர்கள், மி.மீ.யாகவே வைத்து அவரை அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தும் எண் மாறியிருக்கிறது

இப்போதுதான் தொடக்கத்தில் பார்த்த 22-க்கும் 17-க்கும் வருகிறோம். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அளவில் ஓர் ஆட்டம் இருந்தே தீரும். அது எத்தனை கிலோ என்று தெரியாமல் மகளுக்குப் பதில் சொல்ல முடியாது.

ஆய்வுக் கட்டுரைகளில் ஐசிசி (மறுபடி அளந்தாலும் எண்கள் எவ்வளவு ஒத்துவருகின்றன என்று சொல்லும் குறியீடு, 1 என்றால் முழு ஒப்பு) 0.90 என்று இருக்கும், "மிக நல்ல நம்பகத்தன்மை" என்று எழுதியிருப்பார்கள். அது ஆட்களை வரிசைப்படுத்துவதற்குச் சொன்ன வார்த்தை. ஒருவரைத் தொடர்ந்து பார்க்க அதைக் கிலோவாக மாற்ற வேண்டும். அந்தக் குழுவில் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1-லிருந்து 0.90-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 6-ஆல் பெருக்கினால் 1.9 கிலோ. இது ஓர் அளவின் பிழை. இரண்டு அளவுகளை ஒப்பிடுவதால் 1.96-ஆலும் 2-இன் வர்க்கமூலத்தாலும் பெருக்குங்கள்: 5.3 கிலோ. அதற்குக் குறைவான மாற்றத்தை 95 சதவீத உறுதியோடு மாற்றம் என்று சொல்ல முடியாது. நம் 5 கிலோ அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஐசிசி 0.97 என்றால் அதே கணக்கு 2.9 கிலோ தரும். அப்போது 5 கிலோ நிஜமான இறக்கம்.

இன்னொரு சூட்சுமம். இளைஞர், முதியவர், ஆண், பெண் எல்லாரையும் கலந்து எடுத்தால் ஐசிசி தானாகவே உயர்ந்து தெரியும், நம் கை ஒன்றும் திருந்தியிருக்காது. அதனால் கட்டுரையிலிருந்து எண்ணைக் கடன் வாங்குவதைவிட, உங்கள் இடத்து எண்ணை நீங்களே எடுப்பது நல்லது. நோய் நிலையாக இருக்கிறவர்கள் முப்பது பேர், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை, வழக்கமாக அளக்கும் அதே ஆட்கள், அதே நாற்காலி. ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை எழுதி, அந்த வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தை 1.96-ஆல் பெருக்குங்கள். அது 2 கிலோவாக இருந்தால் உங்கள் எல்லை 3.9 கிலோ. வித்தியாசங்களின் சராசரி பூஜ்யத்தை விட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பழக்க ஏற்றம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

மூன்றின் சராசரியா, உச்சமா என்பதிலும் சறுக்கல் உண்டு. 18, 21, 22 எடுத்தவருக்கு உச்சம் 22, சராசரி 20.3. ஒரு மாதம் இதையும் மறு மாதம் அதையும் எழுதினால் கிட்டத்தட்ட 2 கிலோ காற்றில் கரையும். மூன்று முறை எடுப்பதால் முயற்சிக்கு முயற்சி வரும் ஆட்டம் குறையும், நாளுக்கு நாள் வரும் ஆட்டம் குறையாது. அதற்கு வேறு ஒரு நாளில்தான் எடுக்க வேண்டும்.

எல்லைக் கோட்டில் நிற்பவர்களிடம் கூடுதல் கவனம். ஆசியக் குழு 2019-இல் வைத்த பிடி வலிமை எல்லை ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18. ஒரு பெண்மணிக்கு 17.5 வந்தால், 3.9 கிலோ ஆட்டம் உள்ள இடத்தில், ஒரே அளவை வைத்து "தசைநலிவு" என்று முத்திரை குத்தாதீர்கள். அதே சமயம், எல்லைக்குள் அடங்கும் மாற்றம் என்றால் மாற்றமே இல்லை என்றும் பொருள் இல்லை. நான்கு வருகைகளில் 22, 20, 19, 17 என்று படிப்படியாக இறங்குவதும், 22, 22, 23, 17 என்று ஒரே நாளில் விழுவதும் வேறு வேறு கதைகள். முதலாவதில் நான் தசையைச் சந்தேகிப்பேன், சாப்பாட்டையும் எடையையும் கேட்பேன். இரண்டாவதில் அன்றைய நாளை விசாரிப்பேன்.

விசாரிக்க ஏதாவது எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா. என் தாளில் ஒரு வரி இப்படி இருக்கும்: "இடது பிடி (வலதில் ஃபிஸ்டுலா), நிலை 2, கைச் சட்டம் இல்லாத நாற்காலி, காலை 11.20, டயாலிசிஸ் நேற்று, 21-22-22, வலி 0, எடுத்தவர் நான்." அந்த மகளின் அப்பாவுக்கு, 17 வந்த நாளின் வரியில் வேறொருவர் கையெழுத்தும், "மாலை 4.40, டயாலிசிஸ் முடிந்து நேராக வந்தார்" என்ற குறிப்பும் இருந்தன. இரண்டு நாள் கழித்து, காலையில் வரச் சொன்னேன். 21 அழுத்தினார்.